எட்டாம் நாள் சூப்

போர்ட்லண்ட், மெய்ன்
செப்டம்பர் 10, 1978

அன்புள்ள ஹிண்டா அக்காவுக்கு,

இட்டா எழுதுவது. நானும் மோரிஸும் சௌகரியம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? டெலிபோனில் கேட்டால் உன் காதுக்குப் பாதி விழுவதில்லை. அதனால் வழக்கம்போல் காகிதம்தான்.

இந்தக் கோடையில் நீ வந்துவிட்டுப் போனதிலிருந்து ஒன்றை எழுத வேண்டும் என்று மனத்தில் வைத்திருந்தேன். மூன்று நாள் இருந்தாய். அத்தான் போன பிறகு நீ இவ்வளவு தூரம் வந்ததே பெரிது என்று எனக்குச் சந்தோஷம். ஆனால் நீ உன் சட்டி, உன் காகிதத் தட்டு, அவித்த முட்டை, ஆரஞ்சுப் பழம் எல்லாம் பையில் கொண்டுவந்திருந்தாய். நான் உனக்காகவே பாஸ்டனிலிருந்து நம் யூதச் சட்டப்படி அறுத்த கோஷர் கோழி வரவழைத்துச் சமைத்திருந்தேன். நீ அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு உன் முட்டையை உரித்தாய். கோழி சுத்தம், பாத்திரம் சுத்தமில்லை, எனக்குத் தெரியாததில்லை. ஆனால் முட்டைத் தோட்டைக்கூட நீ ஒரு காகிதத்தில் மடித்து உன் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டாய் அக்கா. என் குப்பைத் தொட்டியில்கூடப் போடவில்லை.

நீ பஸ் ஏறியதும் மோரிஸ் கேட்டார்: "உங்க அக்கா நம்ம வீட்டுக்கு வந்தாளா, ஆஸ்பத்திரிக்கு வந்தாளா?" நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

கோபித்துக்கொண்டு எழுதவில்லை. முடிவு செய்துவிட்டு எழுதுகிறேன். என் சமையலறையை அம்மாவின் சமையலறை மாதிரி ஆக்கப்போகிறேன். இறைச்சிக்குத் தனி, பாலுக்குத் தனி, எல்லாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விட்டுப்போனது, நிறைய மறந்துவிட்டது. எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று எழுது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. என் மேஜையில் உட்கார்ந்து, என் கையால் சமைத்ததை நீ ஒரு வேளை சாப்பிட வேண்டும்.

உன் மகள் டோபாவுக்கும் பேத்தி ரைஸாவுக்கும் என் முத்தங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை
இட்டா


கடவுள் துணை

ப்ரூக்ளின், நியூயார்க்
அக்டோபர் 27, 1978

தங்கை இட்டாவுக்கு ஆசீர்வாதம்.

பண்டிகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போனதில் பதில் தாமதம். முழங்கால் அப்படியே இருக்கிறது, நானும் அப்படியே இருக்கிறேன். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முட்டைத் தோடு விஷயத்தை நீ கவனிப்பாய் என்று நினைக்கவில்லை. அது ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

கேட்டாயே, சொல்கிறேன். மண் பாத்திரம், பீங்கான் எதுவும் தேறாது. அது எதை உறிஞ்சியதோ அதை விடாது. கொடுத்துவிடு. முழு உலோகமாக இருந்தால் நன்றாகத் தேய்த்து, ஒரு நாள் சும்மா போட்டுவைத்து, பிறகு கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். அடுப்பைப் பழுக்கக் காய்ச்ச வேண்டும். அதற்கு விவரம் தெரிந்த ஆள் வேண்டும், நீயும் மோரிஸும் சேர்ந்து வீட்டைக் கொளுத்திவிடாதீர்கள். சட்டி, தட்டு, கரண்டி, துடைக்கிற துணி வரை எல்லாம் இரண்டிரண்டு. சிவப்பு அடையாளம் இறைச்சிக்கு, நீலம் பாலுக்கு. கறி சாப்பிட்டால் ஆறு மணி நேரம் கழித்துத்தான் பால். புதிதாக வாங்கும் தட்டுகளை இயற்கையான நீரில் முழுக்கி எடுக்க வேண்டும். உனக்கு வீட்டுக்குப் பக்கத்தில் கடல் இருக்கிறது. கடல் போதும். கறி கோஷர் முறைப்படி அறுத்ததாக இருக்க வேண்டும், உப்பில் ஊறவைத்து ரத்தம் போகக் கழுவ வேண்டும். முட்டையை உடைத்ததும் ரத்தப் பொட்டு இருக்கிறதா என்று பார். இருந்தால் தூக்கிப் போடு.

ஒன்று கேட்கிறேன். மோரிஸ் வீட்டுக்குப் போன பிறகு இத்தனை வருஷம் இதெல்லாம் இல்லாமல் இருந்தாய். இப்போது என்ன திடீரென்று? உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

நீ செய். வருவதைப் பற்றிப் பார்க்கலாம்.

டோபா உன்னை விசாரித்தாள். குளிர் ஆரம்பித்துவிட்டது, காதைக் கட்டிக்கொள்.

அக்கா
ஹிண்டா


போர்ட்லண்ட்
நவம்பர் 19, 1978

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம் அறிய ஆவல். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. வயதாகிறது, அவ்வளவுதான்.

சமையலறை முடிந்தது. இந்த ஊர் ஜெபாலயத்துக் குரு ரபி ஸெலிக்கும் அவர் மனைவி பெஷாவும் ஒரு நாள் முழுக்க வந்து உதவினார்கள். ரபி சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தீ கக்கும் குழாயால் அடுப்பைப் பழுக்கக் காய்ச்சினார். மோரிஸ் பக்கத்தில் வாளியில் தண்ணீரோடு நின்றுகொண்டு, "ரபி, வீட்டுக்கு இன்சூரன்ஸ் கட்டியிருக்கேன், பயப்படாம அடிங்க" என்றார். பெஷா கொதிக்கிற பெரிய அண்டாவில் சட்டிகளை ஒவ்வொன்றாக முக்கி எடுத்தாள். என் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகளை எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். அவள் நான் ஊரை விட்டுப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

புதுத் தட்டுகளைக் கடலில் முழுக்கினோம். குளிர் எலும்பில் ஏறியது. மோரிஸ் முழங்கால் தண்ணீரில் நின்று ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார், நான் ஆசி வாக்கியம் சொல்லி ஒவ்வொன்றாக விட்டு எடுத்தேன். படகு கட்டிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏம்மா, வீட்ல குழாய்ல தண்ணி வரலையா?" என்று கேட்டார். ஒரு நீலத் தட்டு அலையோடு போய்விட்டது. "போகட்டும் விடு. கடல் ராசாவும் இனிமே கோஷர் தட்டுலதான் சாப்பிடுவார். ஆனா அவர் வீட்ல நமக்கு ஆகாத நண்டும் சிங்கி இறாலும்தான் சமையல்" என்கிறார் மோரிஸ்.

முதல் வாரமே மோரிஸ் நீலக் கரண்டியைக் கறிச் சட்டியில் விட்டுவிட்டார். தீட்டுப் போக அம்மா செய்வது ஞாபகம் வந்து, அதை ரோஜாத் தொட்டி மண்ணில் குத்தி வைத்திருக்கிறேன். தினமும் அதற்குத் தண்ணீர் ஊற்றிக் கேலி செய்கிறார்.

கறி வாங்கப் பதினைந்து நாளைக்கு ஒரு முறை பாஸ்டனுக்குப் பஸ்ஸில் போய் வருகிறேன். போய் வந்தால் மறுநாள் படுத்தே கிடக்கிறேன். தூரம் அதிகம்.

எல்லாம் நீ சொன்னபடி செய்துவிட்டேன். எப்போது வருகிறாய்?

அன்புடன்
இட்டா


கடவுள் துணை

ப்ரூக்ளின்
டிசம்பர் 21, 1978

தங்கை இட்டாவுக்கு ஆசீர்வாதம்.

இங்கே எல்லோரும் சுகம். எனக்கு மூக்கடைப்பு. உன் கடிதத்தை டோபாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடல் ராசா சமாச்சாரத்துக்கு ரைஸா விழுந்து விழுந்து சிரித்தாள்.

நீ பட்ட பாடு எனக்குத் தெரிகிறது. சில சின்ன விஷயங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த பாஸ்டன் கறிக்கடைக்காரருக்கு ஆடு அறுப்பவர் யார்? யாருடைய மேற்பார்வை? எங்கள் தெருவில் நுரையீரலில் ஒரு சிறு தழும்பு இருந்தாலும் அந்த ஆட்டைத் தொட மாட்டோம். பால் எப்படி? கடைப் பாலா? நாங்கள் நம் ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கக் கறந்த பாலைத்தான் குடிப்பது. அப்புறம் அந்த ரபி ஸெலிக். அவர் யாரிடம் படித்தவர் என்று நீ எழுதவில்லை. சின்ன ஊர் ரபிமார்கள் நல்லவர்கள்தான், ஆனால் நல்லவராக இருப்பது வேறு.

பனிக்காலத்தில் என்னால் பஸ்ஸில் வர முடியாது. அதுவுமில்லாமல் எங்கள் ரபியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அவர் சரி என்றால் நான் சாப்பிடுவதில் ஒரு தடையும் இல்லை. கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

நீ அந்த பாஸ்டன் பயணத்தைக் குறை. மோரிஸை அனுப்பு. ஆண்பிள்ளை, சும்மாதானே கடையில் உட்கார்ந்திருக்கிறார்.

அக்கா
ஹிண்டா


போர்ட்லண்ட்
ஜனவரி 14, 1979

அன்புள்ள அக்காவுக்கு,

மூக்கடைப்பு விட்டதா? கோழி சூப் வைத்துக் குடி. நான் வைத்து அனுப்பினால் நீ குடிக்க மாட்டாய்.

கேலிக்குச் சொன்னேன், கோபப்படாதே.

கறிக்கடையை மாற்றிவிட்டேன். இப்போது வாங்குவது உங்கள் தெருவிலேயே ஒப்புக்கொள்ளும் கடையின் சரக்கு. பாலுக்கு இங்கே வழியில்லை, ஆகவே பாலே வேண்டாம். நீ வரும்போது கறிச் சமையல் மட்டும். ரபி ஸெலிக் யாரிடம் படித்தார் என்று கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. நம் வீட்டு அடுப்புக்காக அவர் புருவத்தைக் கருக்கிக்கொண்ட மனிதர்.

எனக்கு ஒரு யோசனை. பஸ்கா பண்டிகைக்கு வா. அந்த நாள்களில் எப்படியும் எல்லார் வீட்டிலும் பாத்திரமே வேறு. நீ பஸ்காவில் அடுத்த வீட்டுத் தண்ணீரைக்கூடக் குடிக்க மாட்டாய், தெரியும். ஏழு நாள் வரை புளிப்பில்லாத மட்சா ரொட்டியில் ஈரம் படவிட மாட்டாய், அதுவும் தெரியும். ஆனால் அந்தக் கட்டுப்பாடு தளரும் எட்டாம் நாள்? அம்மா அன்றைக்குத்தான் மட்சாவைப் பொடித்து முட்டையும் கோழிக் கொழுப்பும் சேர்த்து உருண்டை பிடித்து சூப்பில் போடுவாள். மாடிப்படி முழுக்க வாசனை அடிக்கும். அன்றைக்கு மட்டும் அவளே நம்மை அடுத்த வீட்டுக்கு அனுப்புவாள். "ஏழு நாள் யார் வீட்லயும் சாப்பிடாம இருந்தாச்சு. இன்னைக்குப் போய்ச் சாப்பிடுங்க, இல்லன்னா அவங்களை நாம சுத்தமில்லன்னு நெனைச்சோம்னு ஆயிடும்" என்பாள். நீ மேல் மாடிக்காரி வீட்டில் ஐந்து உருண்டை சாப்பிட்டாய், எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஏழாம் நாள் வரைக்கும் உன் சட்டி, உன் முட்டை எல்லாம் கொண்டுவந்து சாப்பிடு. ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். எட்டாம் நாள் எனக்குக் கொடு.

ரபியிடம் கேட்டுவிட்டாயா?

இட்டா


கடவுள் துணை

ப்ரூக்ளின்
மார்ச் 4, 1979

தங்கை இட்டாவுக்கு ஆசீர்வாதம்.

பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். முழங்காலுக்கு ஊசி போட்டார்கள். நீயும் மோரிஸும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ரபி வீட்டுக்குப் போய் வந்தேன். பண்டிகை நெருங்குவதால் ஒரே கூட்டம். கோழியின் குடலைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு ஒருத்தி, ஓட்டைச் சட்டியோடு ஒருத்தி, இது ஆகுமா ஆகாதா என்று ஆளுக்கொரு சந்தேகம். யோசித்துப் பார்த்ததில் இந்த வருஷம் சரிப்படாது என்றே தோன்றுகிறது. அடுத்த வருஷம் பார்க்கலாம்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. ரைஸாவுக்கு ஒரு இடம் பேசி வருகிறார்கள். நல்ல பையன், பெரிய குடும்பம். அவர்கள் எல்லாவற்றையும் விசாரிக்கிறவர்கள். நம் வீட்டில் யார் எந்தக் கடையில் வாங்குகிறார்கள், யார் எங்கே போய்ச் சாப்பிடுகிறார்கள் என்று எங்கள் தெரு கறிக்கடையிலேயே கேட்டிருக்கிறார்கள். பாட்டி பஸ்காவில் மெய்னுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தாள் என்று ஒரு பேச்சு போனால் போதும். உன்னைச் சொல்லவில்லை. ஊர் வாயைச் சொல்கிறேன்.

நீ இங்கே வாயேன். என் மேஜையில் உனக்கு இல்லாத இடமா? உனக்குப் பிடித்த மாதிரி வைத்துப் போடுகிறேன்.

அக்கா
ஹிண்டா


போர்ட்லண்ட்
மார்ச் 18, 1979

அன்புள்ள அக்காவுக்கு,

ஊசி போட்ட இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடு. ரைஸாவின் சம்பந்தம் நல்லபடி முடியட்டும். மனதாரச் சொல்கிறேன்.

ரபி வீட்டுக்குப் போனாய் என்று எழுதியிருக்கிறாய். அவர் என்ன சொன்னார் என்று எழுதவில்லை. பரவாயில்லை.

உன் மேஜையில் நான் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறேன். நீ நன்றாகத்தான் போடுவாய். நான் கேட்டது அது இல்லை. இப்போது என்னால் பஸ்ஸில் அவ்வளவு தூரம் வர முடியாது. உட்கார்ந்தே இருந்தால் முதுகு வலிக்கிறது.

மோரிஸ் உருண்டை பிடிக்கக் கற்றுக்கொள்கிறார். செருப்புக் கடைக்காரர் கை, குதிகால் மாதிரி வருகிறது. எட்டாம் நாள் உனக்கும் சேர்த்துத் தட்டு போடுவேன். நீ வராவிட்டாலும் போடுவேன். அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். படுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இட்டா


கடவுள் துணை

ப்ரூக்ளின்
ஏப்ரல் 20, 1979

என் இட்டாவுக்கு,

நீ சுகமா? உன் கடிதத்துக்குப் பிறகு ஒரு மாதமாக ஒரு வரி இல்லை. எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

நேற்று எட்டாம் நாள். டோபா வீட்டில் உருண்டை சூப். எல்லோரும் சத்தமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த வீட்டுக்காரியும் வந்து உட்கார்ந்தாள். ஒரு வாரமாக எங்கள் வீட்டுத் தண்ணீரைத் தொடாதவள். எனக்கு நீ போட்டு வைத்திருப்பாயே, அந்தத் தட்டு கண் முன்னால் வந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

பண்டிகை முடிந்ததும் நேராக ரபி வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்கிறேன் இட்டா. முன்னால் போனபோது நான் அவரிடம் கேட்கவே இல்லை. என் முறை வந்ததும் வேறு எதையோ கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். அவர் கூடாது என்று சொல்லிவிடுவார் என்று பயப்படவில்லை. சரி என்று சொல்லிவிடுவாரோ என்றுதான் பயம். அப்புறம் எனக்குச் சாக்கு இருக்காது. பையன் வீட்டாரைக் காட்டியது பாதி உண்மை. மீதி என் வீம்பு. நீ விட்டுவிட்டுப் போனாய், நான் விடாமல் இருந்தேன் என்கிற வீம்பு. இத்தனை வருஷம் அதைத்தான் பையில் தூக்கிக்கொண்டு வந்தேன்.

நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். உன் அடுப்பு, உன் கறி, கடலில் முழுக்கிய தட்டு, ரபி ஸெலிக். அவர் பேரைக் கேட்டதும் ரபி சிரித்தார். "ஸெலிக்கா? என்கூட ஒரே பெஞ்சுல படிச்சவன். அவன் காய்ச்சின அடுப்புல நானே சாப்பிடுவேன். இதைக் கேக்கவா இத்தனை மாசம்? ஒரு வார்த்தை கேட்டிருந்தா இன்னைக்கே உங்க தங்கச்சி வீட்டு சூப்பைக் குடிச்சிருக்கலாமே?" என்றார்.

எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல் இருந்தது.

எட்டாம் நாள் போய்விட்டது. வாரங்களின் பண்டிகைக்கு வருகிறேன். ஜூன் முதல் தேதி. அது பால் சாப்பாட்டுப் பண்டிகை. பாலும் பாலாடைக்கட்டியும் இங்கிருந்து நானே கொண்டுவருகிறேன், நீ உன் நீலச் சட்டியில் அப்பம் சுட்டுப் போடு. முட்டை கொண்டுவர மாட்டேன். சட்டியும் கொண்டுவர மாட்டேன்.

உடனே பதில் போடு. உடம்புக்கு என்ன என்று ஒளிக்காமல் எழுது.

உன் அக்கா
ஹிண்டா


போர்ட்லண்ட்
ஏப்ரல் 24, 1979

மதிப்புக்குரிய ஹிண்டா அக்காவுக்கு,

மோரிஸ் வணக்கத்துடன் எழுதுவது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டோபாவுக்குப் போன் செய்கிறேன் என்றேன். இட்டா விடவில்லை. "போன்ல கேட்டா பயந்துடுவா. எழுதுங்க" என்கிறாள். ஆகவே எழுதுகிறேன். இதுவரை எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். இன்றைக்குத்தான் விடுவித்தாள்.

போன கோடையில் நீங்கள் வந்துபோன பிறகு அவளுக்குக் கணையத்தில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். பதினைந்து நாளைக்கு ஒரு முறை பாஸ்டனுக்குப் போனது கறிக்காக இல்லை. கறியைக் கடைக்காரரே பஸ்ஸில் போட்டுவிடுவார். அவள் போனது ஆஸ்பத்திரிக்கு. உங்களிடம் ஏன் சொல்லக் கூடாது என்று நான் சண்டை போட்டேன். "சொன்னா உடனே ஓடி வருவா. எனக்காகப் பரிதாபப்பட்டுச் சாப்பிடுவா. அது எனக்கு வேண்டாம். சாப்பிடலாம்னு அவளுக்கே தோணிச் சாப்பிடணும்" என்றாள். உங்கள் இரண்டு பேர் பிடிவாதத்துக்கு நடுவே நான் என்ன செய்ய?

எட்டாம் நாள் அவளை நாற்காலியில் உட்காரவைத்து அடுப்புப் பக்கம் கொண்டுபோனேன். உருண்டை பிடித்தது அவள்தான். நான் பிடித்தவற்றையெல்லாம் கலைத்துவிட்டு மறுபடி பிடித்தாள். மேஜையில் உங்கள் தட்டு இருந்தது. அவள் இரண்டு கரண்டிதான் சாப்பிட்டாள். பண்டிகை முடிந்ததும் உங்கள் பங்கை ஒரு டப்பாவில் ஊற்றி ஃப்ரீசரில் வைக்கச் சொன்னாள். மேலே சிவப்பு நூல் கட்டியிருக்கிறாள்.

நேற்று உங்கள் கடிதம் வந்தது. படித்துக் காட்டினேன். ரபி சொன்ன இடம் வந்ததும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல நாள் ஆகிறது. அந்த இடத்தை மறுபடி படிக்கச் சொன்னாள்.

ஜூன் வரை காத்திருக்காதீர்கள். டாக்டர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். கிளம்பி வாருங்கள்.

மோரிஸ்


போர்ட்லண்ட்
ஏப்ரல் 30, 1979

டோபா,

துக்க வீட்டிலிருந்து எழுதுகிறேன். இங்கிருந்து யாரையும் நலம் கேட்கக் கூடாது. அதனால் கேட்கவில்லை.

உன் சித்தி போய்விட்டாள். மோரிஸின் கடிதம் வெள்ளிக்கிழமை ஓய்வு நாள் தொடங்குகிற நேரத்துக்குத்தான் என் கைக்கு வந்தது, நீ பார்த்தாயே. சனி முடிந்து நான் முதல் பஸ் ஏறியபோது அவளும் கிளம்பிவிட்டாள். நேற்றுக் காலையில் இறங்கினேன். மோரிஸ் பஸ் நிறுத்தத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தான். துக்க வழக்கப்படி சட்டையின் மார்புப் பக்கத்தைக் கிழித்திருந்தான். என் பையை வாங்கிக்கொண்டான். உச்சிவேளையில் அடக்கம். இந்த மண்ணில் இன்னும் குளிர் விடவில்லை, மண்வெட்டி லேசில் இறங்கவில்லை.

திரும்பி வந்து தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்தோம். எனக்குத் தலை சுற்றியது. வெள்ளிக்கிழமை இரவுக்குப் பிறகு ஒன்றும் உள்ளே போகவில்லை. கை தன்னால் பைக்குள் போய்விட்டது. முட்டை கொண்டுவர மாட்டேன் என்று அவளுக்கு எழுதினேன் இல்லையா, அவசரத்தில் பழக்கதோஷம், ஓய்வு நாளுக்கு அவித்ததில் மிஞ்சியதை மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். கையில் எடுத்தபிறகுதான் எனக்கே தெரிந்தது.

ரபி ஸெலிக்கின் மனைவி பெஷா வந்து என் கையைப் பிடித்தாள். "உங்க முட்டையை இன்னைக்கு நீங்க தொடக் கூடாதும்மா. அடக்கம் பண்ணிட்டு வந்தவங்க முதல் வேளை சொந்தச் சாப்பாட்டைச் சாப்பிடக் கூடாது. அடுத்தவங்க குடுக்கிறதைத்தான் சாப்பிடணும். உங்களுக்குத் தெரியாததா?" என்றாள்.

தெரியும் டோபா. எத்தனை துக்க வீட்டுக்கு நானே அவித்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். நம் சட்டத்தை எல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கிறேன் என்று இருந்தேன். இந்தச் சட்டம் இந்த வீட்டில் எனக்காகக் காத்துக்கொண்டிருக்கும் என்று தெரியவில்லை.

துக்கத்துக்கு உருண்டையாக எதையாவது கொடுப்பது வழக்கம். முட்டையோ பருப்போ. பெஷா முட்டை அவிக்கப் போனாள். மோரிஸ் எழுந்துபோய் அவளிடம் ஏதோ சொன்னான். பிறகு சிவப்பு அடையாளம் போட்ட சட்டியில் எதையோ சூடாக்கும் சத்தம் கேட்டது. வாசனை வந்ததும் புரிந்துவிட்டது. பெஷா தட்டைக் கொண்டுவந்து என் மடிக்கு முன்னால் வைத்தாள். "இதுவும் உருண்டைதான். இதுவும் அடுத்தவங்க குடுத்ததுதான். இட்டா உங்களுக்குன்னு எடுத்து வச்சது. சாப்பிடுங்க" என்றாள்.

ஐந்து உருண்டை. அவள் எண்ணித்தான் போட்டிருக்கிறாள்.

சாப்பிட்டேன். உப்பு ஒரு கல் கூட, அம்மா கைக்கும் அப்படித்தான் இருக்கும். ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. தட்டைத் துடைத்துச் சாப்பிட்டேன். மோரிஸ் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். எனக்கு அழுகை வந்து சூப்பில் விழுந்தது, அதையும் சேர்த்துக் குடித்தேன்.

துக்கத்தின் ஏழு நாளும் இங்கேதான் இருப்பேன். இந்த வீட்டுத் தட்டிலேயே சாப்பிடுகிறேன். பையன் வீட்டார் கேட்டால் மறைக்காதே. ரைஸாவின் பாட்டி தங்கை வீட்டில் சாப்பிட்டாள், வயிறு நிறையச் சாப்பிட்டாள் என்று சொல். அதற்காக விலகிப்போனால் போகட்டும். மனத்தில் என்ன சந்தேகம் இருந்தாலும் அவர்களிடம் ஒளிக்காமல் கேட்டுவிடு என்று ரைஸாவிடமும் சொல். எதையும் கேட்காமல் வைத்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

முட்டையை உரித்து மோரிஸ் வளர்க்கும் ரோஜாத் தொட்டிப் பக்கம் பறவைகளுக்குப் போட்டேன். தொட்டியில் ஒரு நீலக் கரண்டி குத்தி நிற்கிறது. தோட்டை மடித்து அவள் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

சாப்பிட்டு முடித்த பிறகும் தட்டை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஒன்று போடட்டுமா அக்கா என்று யாரும் கேட்கவில்லை.

உன் அம்மா